இரண்டே எழுத்தில் ஒரு குடும்பப்பெயர்

என், ஜி. ஆங்கிலத்தில் என் குடும்பப்பெயர் இந்த இரண்டு எழுத்துதான். தமிழில் 'இங்' என்று எழுதுகிறோம். முன்னால் நிற்கும் இகரம்கூட நம் வசதிக்காகச் சேர்த்தது. சரியாக உச்சரித்தால் அதில் உயிரொலியே கிடையாது, மூக்கின் வழியாக வரும் ஓர் ஒற்று மட்டும்தான். கணவர் வழியில் இந்தப் பெயர் எனக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. நான் வசிக்கும் இடத்தில் இது அரிய பெயர். திருமணத்துக்குப் பிறகு இப்படி யாரும் கேள்விப்படாத ஒரு பெயரை ஏற்கலாமா என்று யோசிக்கும் பெண்கள் அவ்வப்போது என்னிடம் கேட்கிறார்கள். ஓரிரு ஆண்களும் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனித்தனியாகச் சொன்னதையெல்லாம் இங்கே ஒன்றாக எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஓர் அரிய பெயரை ஏற்பவர் முதலில் செய்ய வேண்டியது அதன் கதையைத் தெரிந்துகொள்வதுதான் என்பது என் உறுதியான எண்ணம். ஏனென்றால், பிறகு வாழ்நாள் முழுக்க அந்தக் கதையை நீங்கள்தான் சொல்லப்போகிறீர்கள்.

சீனக் குடும்பப்பெயர்கள் எழுத்தில் ஒன்றாக இருந்தாலும் வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலி மாறும். என் கணவர் குடும்பத்தின் பெயர் மாண்டரினில் 'ஹுவாங்', கான்டனீஸில் 'வோங்', ஹொக்கியனில் 'இங்'. வியட்நாமில் அதே எழுத்து 'ஹோவாங்' என்றோ 'ஹுயின்' என்றோ ஆகிறது. பினாங்கில் பலர் இதை 'ஊய்' என்று எழுதுகிறார்கள். டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவில் அதற்கு வேறொரு எழுத்துக்கூட்டல். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கான்டனீஸ் பேசுகிறவர்களிடமும் 'இங்' இருக்கிறது. ஆனால் அது வேறு எழுத்து, மாண்டரினில் 'வூ' என்று படிக்கப்படுவது. சிங்கப்பூரின் முன்னாள் தற்காப்பு அமைச்சர் இங் எங் ஹென் முதல் வகை. செயற்கை நுண்ணறிவுத் துறையில் பெயர் பெற்ற ஆண்ட்ரூ இங் இரண்டாவது வகை. ஆங்கிலத்தில் இருவரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள். கடல் கடந்து வந்தவர்களின் பெயரை, பேச்சில் கேட்டபடி ரோமன் எழுத்தில் எழுதிவைத்ததன் விளைவு இது.

இதெல்லாம் எதற்கு என்றால், "நீங்களும் அவரும் சொந்தமா?" என்ற கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. பதில் தெரிந்திருந்தால் அந்த உரையாடல் இனிமையாக நகர்கிறது. தெரியாவிட்டால் கணவரின் பெயரைக் கடன் வாங்கி வைத்திருப்பவள் போல விழித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். கல்யாணத்துக்கு முன் சில மாலைகள் என் மாமனாரோடு உட்கார்ந்து, அவர் தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார், எந்தத் தலைமுறையில் இந்த எழுத்துக்கூட்டல் நிலைத்தது, பங்காளிகளில் யார் வேறு மாதிரி எழுதுகிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதிவைத்துக்கொண்டேன். இந்தப் பெயருக்காக நான் செலவிட்ட நேரத்திலேயே மிகப் பயனுள்ள நேரம் அதுதான்.

ஏன் மாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றியே ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உண்மையில் கணவர் வீட்டில்தான் ஆச்சரியப்பட்டார்கள். என் மாமியாரே 'இங்' கிடையாது. சீனக் குடும்பங்களில் பெண்கள் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் கடைசிவரை இருக்கிறார்கள். சீனாவின் 1950ஆம் ஆண்டுத் திருமணச் சட்டமே கணவன், மனைவி இருவருக்கும் அவரவர் பெயரை வைத்துக்கொள்ளும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டது. ஹாங்காங்கில் சிலர் கணவர் பெயரைத் தங்கள் பெயருக்கு முன்னால் சேர்த்துக்கொள்வார்கள், தன் பெயரை விடாமலே. அங்கே 2017 முதல் 2022 வரை அரசின் தலைமை நிர்வாகியாக இருந்த கேரி லாம் அப்படித்தான்: லாம் கணவர் வழி, செங் பிறந்த வீட்டு வழி. "நானே எடுக்காத பெயரை நீ எதுக்கும்மா எடுக்கிறே?" என்று மாமியார் கேட்டார். கோபமில்லை, உண்மையாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் பதில் இதுதான். எனக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று இருந்ததே இல்லை. இனிஷியல்தான் இருந்தது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப அப்பாவின் பெயரை விரித்து எழுதினோம். அதன் பிறகு போகிற இடமெல்லாம் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும், அவருக்கு இன்னும் கூச்சமாக இருக்கும். பிள்ளை பிறந்தால் மூன்று பேருக்கு மூன்று பெயராக இல்லாமல் ஒரே பெயர் இருக்கட்டும் என்றும் ஆசைப்பட்டேன். அப்பாவின் பெயரை நடுப்பெயராக வைத்துக்கொண்டேன். அது என்னை விட்டுப் போகக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. மாமியாருக்கு அது புரிந்தது.

எல்லா நாட்டிலும் இந்தத் தேர்வு நம் கையில் இல்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1981 முதல், திருமணமானாலும் பெண் பிறந்த பெயரிலேயேதான் சட்ட உரிமைகளைச் செலுத்த வேண்டும். கல்யாணத்தைக் காரணம் காட்டிப் பெயரை மாற்றிக்கொள்ள முடியாது. கிரீஸ் 1983இல் இதே திசையில் போனது. ஜப்பானில் நேர்மாறு: குடிமைச் சட்டத்தின் 750ஆம் பிரிவுப்படி தம்பதியர் இருவரும் ஒரே குடும்பப்பெயரில்தான் இருந்தாக வேண்டும். யாருடைய பெயர் என்பது அவர்கள் விருப்பம். ஆனால் ஏறக்குறைய 95 சதவீதம் பெண்களே மாற்றுகிறார்கள். அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் அந்தச் சட்டம் செல்லும் என்றே சொன்னது. ஜெர்மனியில் 2025 மே 1 முதல் கணவன், மனைவி இருவரும் சேர்ந்து இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம். இந்தியாவில் மாற்றச் சொல்லும் சட்டமே கிடையாது. ஆகவே நீங்கள் எந்த நாட்டுக் குடியுரிமையில் இருக்கிறீர்கள், எங்கே பதிவு செய்கிறீர்கள், எங்கே வாழப்போகிறீர்கள் என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மூன்றும் மூன்று நாடாக இருந்தால் ஒரு நாடு ஏற்ற பெயரை இன்னொன்று ஏற்காமல் போகலாம்.

முடிவெடுக்கும் முன் பெயரைக் கொஞ்சநாள் போட்டுப் பார்க்கலாம். சட்டப்படி எதையும் மாற்றாமல், காகிதத்திலும் வாயிலும் மட்டும். நான் கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். போனில் சொல்லிப் பார்த்தேன். என் பெயரோடு சேர்த்து உரக்கப் படித்துப் பார்த்தேன். இணையத்தில் பின்விளைவு எதுவும் இல்லாத சில படிவங்களில் அந்தப் பெயரைத் தட்டி, எது ஏற்கிறது எது துப்புகிறது என்று பார்த்தேன். நிறையவே துப்பின. "குறைந்தது மூன்று எழுத்து வேண்டும்", "சரியான குடும்பப்பெயரை எழுதவும்". அதைப் பார்த்த பிறகும் இந்தப் பெயர் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. அந்த அறிவோடு எடுத்த முடிவு என்பதால்தான் பிற்பாடு எந்தத் தடங்கலும் என்னைப் பெரிதாக அசைக்கவில்லை. உங்கள் பெயர் நீளமானதாக இருந்தால் கட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். நடுவில் சிறுகோடோ மேற்குறியோ இருந்தால் அது தங்குகிறதா என்று பாருங்கள். அன்றாடச் சொல்லாகவும் இருக்கிற பெயரென்றால் உங்கள் முதல்பெயரோடு சேரும்போது என்ன பொருள் தருகிறது என்று நெருங்கியவர் ஒருவரிடம் கேளுங்கள். அவர் தயங்காமல் சொல்பவராக இருக்க வேண்டும்.

இனி ஆவணங்கள். இந்த இடத்தில் நிதானமாகப் போக வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடித்தளம் திருமணச் சான்றிதழ். அதில் உங்கள் பழைய பெயரும் கணவர் பெயரும் ஓர் எழுத்துகூடப் பிசகாமல் இருக்கிறதா என்று, கையெழுத்துப் போடும் மேசையிலேயே படித்துவிடுங்கள். அரிய பெயர் என்றால் எழுதுகிறவரின் கை தானாகவே தெரிந்த பெயருக்குப் போகும். என் விஷயத்தில் பதிவாளர் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துத் தட்டச்சு செய்திருந்தார். அச்சாகும் முன் பார்த்ததால் அங்கேயே திருத்தித் தந்தார். அச்சான பிறகு திருத்துவதென்றால் அது தனி விண்ணப்பம், தனி அலைச்சல்.

அடுத்து வரிசை. ஒவ்வொரு நாட்டிலும் மற்ற எல்லா ஆவணங்களுக்கும் ஆதாரமாக நிற்கும் அட்டை ஒன்று இருக்கும். அதை முதலில் மாற்றினால் மற்றவை தாமாகப் பின்தொடரும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு அட்டை முதலில், பிறகு ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வங்கி. இந்தியாவில் ஆதாரில் தொடங்குகிறவர்களே அதிகம். ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் சாதாரணமாக மாற்ற முடியும் என்பதை நினைவில் வையுங்கள். எழுத்துக்கூட்டலை இறுதியாக முடிவு செய்யாமல் அதில் கை வைக்கக் கூடாது. பான் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஒன்றுபோல் இல்லாவிட்டால் இரண்டையும் இணைப்பதில் முட்டுக்கட்டை வரும். இந்திய பாஸ்போர்ட்டில் பெயர் மாற்றம் 'திருத்தம்' என்று போகாது. மறுவழங்கல் என்ற பிரிவில் புதுப் புத்தகமாகவே வரும்.

பயணம் முன்கூட்டியே திட்டமிட்டிருந்தால், டிக்கெட்டில் இருக்கும் பெயரும் அன்று கையில் இருக்கும் பாஸ்போர்ட்டின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். இதற்கு விலக்கை எதிர்பார்க்காதீர்கள். கல்யாணம் முடிந்த கையோடு பயணமென்றால் பழைய பெயரிலேயே டிக்கெட் எடுத்து, போய்வந்த பிறகு மாற்றுங்கள். பிரிட்டனில் திருமணத்துக்கு 3 மாதம் முன்பே புதுப் பெயரில் பாஸ்போர்ட் வாங்கலாம். ஆனால் பழையது ரத்தாகிவிடும், புதியது திருமண நாளிலிருந்துதான் செல்லும். அப்படிப் பின்தேதியிட்ட பாஸ்போர்ட்டில் விசா கொடுக்காத நாடுகளும் உண்டு.

பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில் கீழே இரண்டு வரி இருக்கும், அம்புக்குறிகள் நிறைந்த வரிகள். இயந்திரம் படிப்பது அதைத்தான். ஒவ்வொரு வரியிலும் 44 இடம். அதில் பெயருக்கு 39. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த விதி இது, உலகம் முழுக்கப் பொருந்தும். அந்த வரியில் ரோமன் பெரிய எழுத்துகளைத் தவிர வேறெந்த எழுத்து வடிவமும் வராது. பெயருக்குள் சிறுகோடு இருந்தால் அது அம்புக்குறியாக மாறும். ஒற்றை மேற்கோள்குறி போன்ற குறி இருந்தால் காணாமல் போகும். ஜெர்மன் பெயர்களில் எழுத்தின் மேல் வரும் இரட்டைப் புள்ளி பெரும்பாலும் கூடுதலாக ஒரு 'ஈ' எழுத்தாக விரியும். விமான டிக்கெட்டில் பெயர் வேறு மாதிரி தெரிகிறதே என்று பதறுகிறவர்கள் அந்தக் கீழ்வரியோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும், பெரும்பாலும் பொருந்தும். எனக்குக் குறை எழுத்துப் பிரச்சினை, சிலருக்கு மிகை எழுத்துப் பிரச்சினை. 39க்கு மேல் போனால் பெயர் வெட்டுப்படும்.

மிகை எழுத்துக்கு ஒரு செய்தி எனக்கு எப்போதும் தெம்பு தரும். ஹவாயில் ஒரு பெண்ணுக்குக் கணவர் வழியாக வந்த குடும்பப்பெயரில் 35 ரோமன் எழுத்துகள். ஓட்டுநர் உரிமத்தில் அது அடங்கவில்லை. பெயரைச் சுருக்கிக்கொள்ளலாமே என்று சொன்னவர்களுக்கு அவர் இணங்கவில்லை. விஷயம் செய்தியாகி, 2013 கடைசியில் அந்த மாநிலமே குடும்பப்பெயருக்கு 40 எழுத்து வரை இடம் கொடுக்கும்படி உரிமத்தின் அமைப்பை மாற்றியது. ஒருவர் தன் பெயருக்காக நின்றதால், பின்னால் வந்த எத்தனையோ பேருக்கு வழி பிறந்தது. நம் பெயர் பிழை இல்லை, அந்தக் கட்டம்தான் சிறியது என்பதை நான் அவரிடம் கற்றேன்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், படிவம் ஏற்காதபோது பெயரை வளைக்கத்தான் முதலில் மனசு வரும். ஒரு புள்ளி சேர்க்கலாமா, கடைசி எழுத்தை இரட்டிக்கலாமா, நடுவில் ஒரு உயிரெழுத்தை நுழைக்கலாமா? வேண்டாம். ஒருமுறை வளைத்தால் அந்த வளைந்த பெயரில் ஒரு கணக்கு பிறக்கும். அந்தக் கணக்கிலிருந்து ஒரு ரசீது, ரசீதிலிருந்து ஒரு சான்று. நாளைக்கு அடையாள அட்டையைக் காட்டும்போது இரண்டும் ஒட்டாது. நான் பின்பற்றும் முறை எளிது. நிராகரித்த திரையைப் படம் பிடித்துக்கொள்வேன். என் அடையாள அட்டையின் பெயர் உள்ள பகுதியையும் சேர்த்து, "என் சட்டப்படியான குடும்பப்பெயர் இரண்டு எழுத்து, உங்கள் படிவம் மூன்று கேட்கிறது, கையால் பதிவு செய்து தாருங்கள், படிவத்தையும் சரிசெய்யுங்கள்" என்று இரண்டே வரியில் எழுதுவேன். பணிவாக, ஆனால் வேண்டுகோள் தொனியில் இல்லாமல். பெரும்பாலான இடங்களில் உடனே செய்து கொடுத்திருக்கிறார்கள். ஒரு காப்பீட்டு நிறுவனம் படிவத்தையே திருத்திவிட்டதாகப் பதில் எழுதியது. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

தேடலிலும் இதே பிரச்சினை வரும், காரணமும் தெரிந்துகொள்ளத் தக்கது. பல தளங்கள் பயன்படுத்தும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடல், இயல்பு அமைப்பில் 3 எழுத்துக்குக் குறைந்த சொற்களைக் கணக்கில் எடுப்பதில்லை. அதன் பழைய வகையில் 4. 'ஆஃப்', 'டு' போன்ற ஆங்கிலச் சிறுசொற்களை ஒதுக்குவதற்காக வைத்த வரம்பு அது. என் பெயரும் அதோடு சேர்ந்து ஒதுங்கிவிடுகிறது. அதனால் முன்பதிவு மேசைகளில் "உங்கள் பெயரில் ஒன்றும் இல்லையே" என்று சொன்னால் நான் கலங்குவதில்லை. முதல்பெயரால் தேடச் சொல்வேன், அல்லது பதிவு எண்ணைக் கொடுப்பேன். பதிவு எண்ணைத் தனியாக எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கம் இந்தப் பெயர் எனக்குக் கொடுத்தது.

பெயரா, சுருக்கமா என்ற குழப்பம் இன்னொரு வகை. "என்.ஜி. உங்கள் இனிஷியலா? குடும்பப்பெயரை முழுதாகச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். மருத்துவமனையில் இதே இரண்டு எழுத்து மூக்கு வழியே இரைப்பைக்குப் போகும் குழாயைக் குறிக்கும். ஆய்வுக்கூடத்தில் நானோகிராம். இணைய முகவரியின் கடைசியில் வந்தால் நைஜீரியா. ஆகவே முக்கியமான இடங்களில் நான் சொல்லும் வாக்கியம் எப்போதும் ஒன்றுதான்: "குடும்பப்பெயர் இரண்டு எழுத்து, நவம்பர் என், கோல்ஃப் ஜி, அவ்வளவுதான், வேறெதுவும் விடுபடவில்லை." நவம்பர், கோல்ஃப் என்பவை விமானிகள் எழுத்துகளைச் சொல்லும் முறையிலிருந்து வந்தவை. 1956இலிருந்து பயன்பாட்டில் இருக்கும் அந்தப் பட்டியலை யாரும் மனப்பாடம் செய்யலாம். தொலைபேசி இரைச்சலில் மெல்லின ஒலிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்; நவம்பர் என்று சொன்னால் கலக்காது. "வேறெதுவும் விடுபடவில்லை" என்பது என் சொந்தச் சேர்க்கை. அதைச் சொல்லாவிட்டால் எதிர்முனையில் இருப்பவர் மீதி எழுத்துகளுக்காகக் காத்துக்கொண்டே இருப்பார்.

உச்சரிப்பில் தமிழர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு. இந்த ஒலி நம் வாயிலேயே இருக்கிறது. 'தங்கம்' என்று சொல்லத் தொடங்கி, ககரத்துக்குப் போகும் முன் நாக்கைப் பின்னால் ஒட்டிவைத்து நில்லுங்கள். மூக்கில் ஒலி அதிரும், அதுதான். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர்களிடம் 'சிங்' என்ற சொல்லின் கடைசி ஒலி என்று சொல்லுவேன். கணவரின் உறவினர்களே வெளியாட்களிடம் 'இங்' என்றும் 'எங்' என்றும் சொல்லிக்கொள்கிறார்கள், ஆகவே நானும் 'இங்' என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அரிய பெயர் உள்ளவர்கள் எல்லோரும் இந்த எல்லையை முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது நல்லது: எந்த உச்சரிப்பு வரை சரி, எதைத் திருத்துவோம் என்று. 'நிக்' என்றோ 'நாக்' என்றோ சொன்னால் முதல் முறையிலேயே திருத்திவிடுவேன். மூன்றாவது சந்திப்பில் திருத்தினால் அவருக்குத்தான் சங்கடம்.

இனிச் சொல்வது ஆவணத்தில் வராதது. என் மனதில் இதுதான் பெரியது.

பெயரைப் பார்த்தவர்கள் ஒரு முகத்தை எதிர்பார்க்கிறார்கள். சந்திப்புக்குப் போகும்போது வரவேற்பறையில் என்னைத் தாண்டி வாசலைப் பார்ப்பார்கள். "திருமதி இங் வரவில்லையா?" என்பார்கள். நான்தான் என்றதும் ஒரு கணம் அவர்கள் முகம் தடுமாறும். சீனமொழியில் பேசத் தொடங்கியவர்களும் உண்டு. முதலில் சில மாதங்கள் அது என்னை வருத்தியது. யாரையோ ஏமாற்றுவது போல, எனக்குச் சொந்தமில்லாத வரலாற்றை மேலே போட்டுக்கொண்டது போல ஓர் உறுத்தல். கணவரிடம் சொன்னேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. சில நாள் கழித்து, "அந்தத் தடுமாற்றத்தை நான் சின்ன வயசிலிருந்து பார்க்கிறேன். பெயரை வாசிக்கிறவங்க திணறுவாங்க, எனக்குப் பழகிப்போச்சு. இப்போ நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கிறோம்" என்றார். அந்தப் பெயரோடு வளர்வது எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் அவரிடம் முழுதாகக் கேட்டேன். பள்ளியில் வருகைப் பதிவின்போது ஆசிரியர் அந்த இடத்தில் நிறுத்துவதும், கணவர் தானாகவே கையைத் தூக்குவதும். பெயரை ஏற்காமல் இருந்திருந்தாலும் அவரை நேசித்திருப்பேன். ஆனால் இந்தப் பகுதி எனக்குத் தெரியாமலே போயிருக்கலாம்.

அந்த எதிர்பார்ப்பைச் சமாளிக்க நான் கண்ட வழி, கேட்கும் முன் சொல்லிவிடுவது. "கணவர் வழிப் பெயர், ஹொக்கியன் குடும்பம், நான் தமிழ்." மூன்று துண்டு, ஒரு மூச்சு. அதற்கு மேல் விளக்க வேண்டிய கடமை எனக்கு இல்லை. அதைக் கேட்டு மேலும் ஆர்வம் காட்டுகிறவர்களுக்கு மாமனார் சொன்ன கதையைச் சொல்வேன். ஆர்வம் இல்லாதவர்களோடு வேலை நேரடியாகத் தொடங்கிவிடும். இதேபோல் பெயரை வைத்துக் கேலி செய்பவர்களையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். தெரியாமல் கேட்பவருக்குப் பொறுமையாகப் பதில். தெரிந்தே அந்த ஒலியைக் கிண்டலாகத் திரும்பத் திரும்பச் சொல்பவரிடம், "இது என் குடும்பத்தின் பெயர்" என்று ஒரே முறை, முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அது என் மாமியார் வீட்டாரின் பெயர், என் பிள்ளையின் பெயர். அதற்காகச் சிரித்து மழுப்ப எனக்கு மனமில்லை.

வேலையில் ஏற்கனவே பழைய பெயரால் அறியப்பட்டவர்களுக்குத் தனியாக ஒன்று. சட்டப்பெயரும் தொழில்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான துறைகளில் இல்லை. என் தோழி ஒருத்தி ஆய்வாளர். கட்டுரைகளைப் பழைய பெயரிலேயே வெளியிடுகிறாள். சம்பளமும் பாஸ்போர்ட்டும் புதுப் பெயரில். ஆய்வாளர்களுக்கு 2012இல் தொடங்கிய 'ஆர்க்கிட்' என்ற 16 இலக்க அடையாள எண் இருக்கிறது. பெயர் எத்தனை முறை மாறினாலும் கட்டுரைகள் எல்லாம் அந்த எண்ணின் கீழ் ஒன்றாக நிற்கும். மற்றவர்களுக்கு அப்படி எண் கிடையாது என்பதால், பழைய மின்னஞ்சல் முகவரியை மூடாமல் புதியதற்குத் திருப்பிவிடுவதும், கையொப்பத்தில் கொஞ்சகாலம் இரண்டு பெயரையும் எழுதுவதும் உதவும். பட்டச் சான்றிதழ்களைப் பொதுவாகக் கல்வி நிறுவனங்கள் மாற்றித் தருவதில்லை. தேவையும் இல்லை, பட்டத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் இடையே திருமணச் சான்றிதழ்தான் பாலம்.

பிள்ளைக்குப் பெயர் வைக்கும்போது குடும்பப்பெயரின் இயல்பை மனதில் வைத்தோம். குடும்பப்பெயர் இவ்வளவு சிறிதாக இருப்பதால் முதல்பெயர் நன்றாக ஒலிக்க வேண்டும், உயிரொலியில் முடிய வேண்டும் என்று இருவரும் விரும்பினோம். மெய்யில் முடிந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகிவிடுகிறது. தமிழ்ப் பெயர்தான் வைத்தோம். என் அப்பாவின் பெயர் நடுவில் நிற்கிறது. மாமியாருக்கு அந்தப் பெயர் எளிதாக வாயில் வருகிறது, என் அம்மாவுக்கு 'இங்' எளிதாக வருகிறது. வேறென்ன வேண்டும்!

எடுக்க வேண்டாம் என்று நான் சொல்வது யாரிடம்? அடுத்தவர் வற்புறுத்தலால் எடுப்பவரிடம். இயல்பான பெயரென்றால் வற்புறுத்தலில் எடுத்தாலும் நாளடைவில் மறந்து போகலாம். அரிய பெயர் தினமும் தன்னை நினைவூட்டும்; ஒவ்வொரு முறை எழுத்துக்கூட்டிச் சொல்லும்போதும் அந்த மனக்கசப்பு புதுசாகும். பழைய பெயர்மீது பற்று அதிகமுள்ளவர்களிடமும், மாற்றாமலே இருங்கள், அல்லது இரண்டையும் சேர்த்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஆனால் இரட்டைப் பெயரைத் திருமணச் சான்றிதழை மட்டும் வைத்து எல்லா நாட்டிலும் எடுக்க முடியாது. சில இடங்களில் தனிப் பத்திரம் கேட்பார்கள். கணவர் உங்கள் பெயரை எடுப்பதும் ஒரு வழி. தென்னாப்பிரிக்காவில் ஆண்களுக்கு அந்த உரிமை இல்லாமலிருந்தது பாகுபாடு என்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் 2025 செப்டம்பரில்தான் சொன்னது.

எடுப்பதென்று முடிவு செய்தவர்களுக்கு, பதிவு அன்றே செய்ய வேண்டிய ஒரு வேலை. திருமணச் சான்றிதழின் சான்றளித்த பிரதிகளைத் தேவைக்கு மேலேயே கேட்டு வாங்குங்கள். பல அலுவலகங்கள் மூலப்பிரதியை வாங்கி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் திருப்பித் தருவதில்லை; அதற்குள் இன்னோர் அலுவலகம் கேட்கும். வேறு நாட்டில் காட்டப்போகிறீர்கள் என்றால் ஒரு பிரதிக்கு அப்போஸ்டில் முத்திரை வாங்கிவிடுங்கள். 1961ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகள் அந்த முத்திரையை ஏற்கும், இந்தியாவும் அதில் 2005 முதல் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட், பழைய அட்டைகள், பழைய பெயரில் வந்த ஒரு வங்கிக் கடிதம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வைத்திருங்கள். நான் அப்படி வைத்திருக்கும் உறையைப் பல ஆண்டுகள் கழித்தும் அவ்வப்போது திறக்க வேண்டியிருக்கிறது. கடைசியாகத் திறந்தது போன மாதம், பழைய பெயரில் இருந்த ஒரு சேமிப்புக் கணக்கை மாற்றுவதற்காக.